நீ கேட்ட வெள்ளைக் கிண்ணம்

ஜெரோம்,

'அன்புள்ள' என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். எழுதிவிட்டு அடித்தேன். அன்பு போய்விட்டது என்று நினைக்காதே, அது அப்படியே இருக்கிறது, அதுதான் எனக்குத் தொல்லை. ஆனால் இன்றைக்கு எனக்கு உன் மேல் இருப்பது கோபம். கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு மேலே ஒரு இனிப்பான சொல்லைப் போட மனசு வரவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலே "டென்ஷன் ஆகாதம்மா, பிரஷர் மாத்திரை போட்டியா" என்று கேட்டு என்னை நோயாளி ஆக்கிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. நான் முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டப் போவதில்லை. அந்துவான் மாமா வியாழக்கிழமை ஃபிளைட் ஏறுகிறார். பார்சலோடு சேர்த்து இதையும் அவர் கையில் கொடுக்கப் போகிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா பென்ஷன் வாங்கிக்கொண்டு பிரான்சுக்கும் புதுச்சேரிக்குமாகப் போய்வரும் அந்த மனுஷனுக்கு வழியில் படிக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் இதைப் படிக்கட்டும். உன் அப்பாவும் படிக்கட்டும். ஒரு நகல் என் பழைய லேபில் ஆராய்ச்சி செய்யும் வளர்மதியிடம் இருக்கும், அவள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். இவ்வளவு பேர் படிக்கப் போவதால் உனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களைக்கூட முதலிலிருந்து விளக்கமாகச் சொல்வேன். பொறுத்துக்கொள். ஆயுசு முழுக்கக் காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்தியவளை அந்தப் பழக்கம் லேசில் விடாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். நெல்லித்தோப்பு மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து நான் கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வழக்கமான விசாரிப்பெல்லாம் ஆனபிறகு, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தாற்போல் கேட்டாய்.

"அம்மா, உன் லேப்ல அந்தப் பழைய வெள்ளைக் கிண்ணம் இருக்கு இல்ல? அடியில சிலுவை கீறினது. அத அந்துவான் மாமாகிட்ட குடுத்து விடேன்."

"இன்னாடா, எல்லாப் புள்ளைங்களும் அம்மாகிட்ட கருவாடு கேக்கும், ஊறுகா கேக்கும். நீ கிண்ணம் கேக்கற. அங்க கிண்ணமே கெடைக்கலையா?"

"கெடைக்குதும்மா. புதுசுல பொடி வர மாட்டேங்குது. நான் இங்க வந்ததுலேர்ந்தே வரல." அப்புறம் கொஞ்சம் அவசரமாக, "அத கழுவிடாதம்மா. அப்படியே துணியில சுத்திக் குடு" என்றாய்.

சொன்னபிறகுதான் உனக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று பேச்சை மாற்றினாய். மாத்திரை போட்டாயா என்று கேட்டாய். போட்டேன் என்றேன். போடவில்லை. போனை வைத்துவிட்டு அரிவாள்மணை முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா வந்து என் கண்ணைப் பார்த்துவிட்டு "இன்னா, வெங்காயமா?" என்றார். ஆமாம் என்றேன்.

அந்துவான் மாமாவுக்காகச் சொல்கிறேன். ஜியோலைட் என்பது பார்ப்பதற்குக் கோலமாவு மாதிரி இருக்கும் ஒரு வெள்ளைப் பொடி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவில் அறையும் வாசலுமாகத் துளைத்துக்கொண்டு போகும். அந்த வாசலில் நுழைகிற அளவுள்ள மூலக்கூறு மட்டும் உள்ளே போய், அங்கே வேறொன்றாக மாறி வெளியே வரும். கச்சா எண்ணெயைப் பிரித்துப் பெட்ரோல் ஆக்குவதிலிருந்து வாசனைத் திரவியம் செய்வது வரைக்கும் இந்தப் பொடியை வினையூக்கியாகப் போடுகிறார்கள். செய்கிற முறை சமையல் மாதிரிதான். சிலிக்காவையும் அலுமினாவையும் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, டெஃப்லான் கிண்ணத்தில் ஊற்றி, கிண்ணத்தை எஃகுக் கூட்டுக்குள் வைத்து இறுக்கி மூடி, ஓவனில் நாள்கணக்கில் வேகவிட வேண்டும். திறந்து பார்த்தால் அடியில் படிகம் படிந்திருக்கும். சில சமயம் வெறும் சேறுதான் இருக்கும். பீட்டா என்று ஒரு வகை இருக்கிறது. அது கொஞ்சம் செல்லம் கொஞ்சும். அதற்கு அமீன் சேர்த்த ஒரு மருந்தை ஊற்றினால்தான் அறைகள் அந்த மருந்தைச் சுற்றி ஒழுங்காக வளரும். வளர்ந்தபிறகு மருந்து உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். உலையில் வைத்து அதை எரித்து வெளியேற்றினால்தான் துளை திறக்கும். எரிக்கும்போது வருகிற நாற்றம் இருக்கிறதே, அது அசல் கருவாட்டு நாற்றம்.

அந்த நாற்றம் உனக்கு மறந்திருக்காது. என் சேலையிலும் தலைமுடியிலும் ஏறி வீடு வரைக்கும் வரும். நீ சின்னப் பையனாக இருந்தபோது வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாய், "குளிச்சிட்டு வந்து தொடு" என்பாய். உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு ஒருநாள் நான் லேபிலிருந்து நேராக வந்துவிட்டேன். பக்கத்துப் பெஞ்சுப் பையன் "உங்க அம்மா மீன் விக்கிறாங்களாடா" என்று கேட்க, நீ ஆமாம் என்று தலையாட்டினாய். காலேஜ் புரொபசர் என்று சொல்வதைவிட அது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அன்றைக்கு நானும் உன் அப்பாவும் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானது. பின்னால் நீ பெரிய ஆளாகி, உன் கம்பெனி எடுத்த வீடியோவில் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னாய்: என் அம்மா எரிந்த அமீன் நாற்றத்தோடு வீட்டுக்கு வருவார், அந்த நாற்றமே இல்லாமல் இந்தப் பொடியைச் செய்ய வேண்டும் என்று சிறு வயதிலேயே நினைத்தேன் என்று. அந்த வீடியோவை நான் எத்தனை பேரிடம் காட்டினேன் தெரியுமா? சன்டே மார்க்கெட்டில் துணிக்கடைக்காரனைக்கூட விடவில்லை. அவன் பாவம், பிரெஞ்சும் புரியாமல் கெமிஸ்ட்ரியும் புரியாமல் தலையாட்டினான்.

ஊரடங்குக் காலத்தில் உன் ஆராய்ச்சி நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று நீ வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தாய். உன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் பர்மிஷன் வாங்கி உன்னை என் லேபுக்கு அழைத்துப்போனேன். ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. வெளியில் இருந்தது என் பழைய கிண்ணம் ஒன்றுதான். வேறு எந்தப் பொடிக்கும் அதைத் தொடக்கூடாது, பீட்டாவுக்கு மட்டும் என்று ஆணியால் அடியில் சிலுவை கீறி வைத்திருந்தேன். நீ அதில்தான் அமீன் இல்லாமல் கூழ் போட்டாய். அமீன் இல்லாமல் பீட்டா வராது என்று நானே உன்னிடம் அடித்துச் சொன்னேன். எக்ஸ்ரே படத்தில் பீட்டாவுக்கு அடையாளமான ஒவ்வொரு பீக்கும் அதன் இடத்தில் வந்து நின்றதும் நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். மறுபடி போட்டாய், வந்தது. மறுபடியும் வந்தது. உன் அப்பா பிள்ளைச்சாவடி வரைக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வஞ்சிரம் வாங்கி வந்தார். அமீனும் இல்லை, விதையாகத் தூவ ஏற்கெனவே விளைந்த படிகமும் இல்லை, வெறும் கூழிலிருந்தே பீட்டா என்று கட்டுரை எழுதினாய். உலகம் முழுக்கப் படித்தார்கள். அதைப் பார்த்துத்தான் பிரான்சில் இந்தக் கம்பெனி உன்னை வேலைக்கு எடுத்தது. அந்தக் கிண்ணத்தை எதைப் போட்டுக் கழுவினாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது நிஜமாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அதுவரைக்கும் உன் பேரில் தப்பு இல்லை. பிரஷ்ஷும் தண்ணீரும் போட்டுத்தான் எல்லோரும் கழுவுகிறார்கள், நீயும் அப்படித்தான் கழுவினாய்.

உனக்குத் தயிர்ப் பாத்திரம் ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தாய். உறைமோர் தீர்ந்துபோய்விட்டது என்று நான் சொல்லியிருந்தேன். உன் அப்பா அது காதில் விழாமல், காலியான தயிர்ப் பாத்திரத்தில் அப்படியே வெதுவெதுப்பான பாலை ஊற்றி மூடி வைத்துவிட்டார். காலையில் தயிர் வெட்டி எடுக்கிற மாதிரி உறைந்திருந்தது. "மாதா புதுமை பண்ணிட்டாங்கடா" என்று ஏதோ அற்புதம் நடந்தாற்போல் அப்பா உன்னைச் சீண்டினார். நீ நம்பிக்கொண்டு தெருவெல்லாம் ஓடி, எங்கள் வீட்டில் பால் தானாகத் தயிராகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தாய். நான் பாத்திரத்தை வெந்நீரும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, திரும்பப் பால் ஊற்றி வைக்கச் சொன்னேன். மறுநாள் பால் பாலாகவே இருந்தது. நீ அழுதாய். அழுதுவிட்டு, தெருவெல்லாம் போய்ச் சொன்ன அத்தனை வீட்டுக்கும் நீயே போய், "புதுமை இல்ல, பாத்திரத்துல ஒட்டிக்கிட்டு இருந்தது" என்று சொல்லிவிட்டு வந்தாய். யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை. அந்தப் பையனை நினைத்துத்தான் எனக்கு இப்போது வயிறு எரிகிறது.

இனி வளர்மதி. உனக்கு அவள் ஒரு மின்னஞ்சல் முகவரி. எனக்கு அவள் பாகூரிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு பெண். அப்பா கரும்பும் நெல்லும் போடுகிறவர். என் இடத்துக்கு வந்த துறைத் தலைவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். உன் முறையிலேயே பீட்டா செய்து, அதை வைத்து மேலே வேலை செய்வதுதான் அவளுக்குக் கொடுத்த தலைப்பு. 'நம்ம ஜெரோம் கண்டுபிடிச்சது' என்று பெருமையாகத்தான் கொடுத்தார்கள். அவளுக்கென்று புதுக் கிண்ணங்கள் வாங்கினார்கள். அவள் போட்ட ஒவ்வொரு கூழும் சேறாகத்தான் வந்தது. அளவை மாற்றினாள், சூட்டை மாற்றினாள், சிலிக்கா வாங்குகிற இடத்தைக்கூட மாற்றிப் பார்த்தாள். துறைத் தலைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு "உனக்குக் கைராசி இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். லேபில் சின்னப் பசங்கள்கூட அவள் வந்தால் ஓவனை மூடிக்கொண்டு, 'அக்கா, எங்களுத தொடாதீங்க' என்று கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். வீட்டில் வேறு, படித்தது போதும் என்ற பாட்டு.

அவள் உனக்கு எழுதினாள். நீ பதில் எழுதினாய். அதை அவள் என் வீட்டுக்கு வந்து போனில் காட்டினாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: ஆய்வுக்கு முதல் பாடம் சுத்தம், உங்கள் பாத்திரங்களைச் சரியாகக் கழுவுகிறீர்களா என்று பாருங்கள், ஒழுங்காகச் செய்பவர்களுக்கு இந்த முறை ஒவ்வொரு தடவையும் வரும். படித்துவிட்டு நான் உன் பக்கம்தான் பேசினேன். "அவன் சொல்றதும் சரிதாம்மா, நல்லா கழுவிப் பாரு" என்று சொல்லி, காஸ்டிக்கை ஊற்றி ஓவனில் சூடாக்கிக் கழுவுகிற முறையையும் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்தபோது அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"நான் கழுவாத கழுவா மேடம்? இனிமே கழுவறதுக்குக் கையில தோலு இல்ல. எனக்கே என் கையப் பாத்தா புடிக்கல மேடம்."

கழுவக் கழுவ அவளுக்கு வராது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் தேதியைப் பார்த்தேன். நீ அவளுக்கு அந்தப் பதிலை எழுதியது, அங்கே போய்ச் சேர்ந்து வெகு நாள் கழித்து. வந்ததிலிருந்தே வரவில்லை என்று உன் வாயாலேயே என்னிடம் சொன்னாய். உனக்கே வராமல் நீ முழித்துக்கொண்டிருந்தபோதுதான், ஒழுங்காகச் செய்பவர்களுக்கு வரும் என்று அவளுக்கு எழுதியிருக்கிறாய். உன் ஓவனிலும் சேறு, அவள் ஓவனிலும் சேறு. பழியை மட்டும் தூக்கி அவள் கையில் போட்டுவிட்டாய்.

உன் போன் வந்த மறுநாளே நான் லேபுக்குப் போனேன். அலமாரியின் அடியில் கிண்ணம் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்சுவரில் நகக்கீறல் மாதிரி மெல்லிய கோடுகள், கோட்டுக்குள் வெள்ளையாக ஏதோ. வளர்மதியைக் கூப்பிட்டு, உன் கட்டுரையில் இருக்கிறபடியே கூழ் செய்து அதில் ஊற்றச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. ஓவனைத் திறக்கிற அன்றைக்கு அவள் பக்கத்திலேயே வரவில்லை, நானே கூட்டைத் திருகித் திறந்தேன். எக்ஸ்ரே படம் வந்தது. அத்தனை பீக்கும் இருந்தது. அவள் ஸ்கிரீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "அப்ப கிண்ணந்தானா மேடம்? நான் இல்லையா?" என்று கேட்டாள். அதைக் கேட்டபிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்த யோசனை அவளுடையது. வந்த பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, அவளுடைய புதுக் கிண்ணம் ஒன்றில் கூழோடு கலந்தாள். இன்னொரு புதுக் கிண்ணத்தில் பொடி கலக்காத வெறும் கூழ். ஒரே ஓவன், ஒரே கை. பொடி கலந்ததில் பீட்டா. கலக்காததில் சேறு. பழைய கிண்ணத்தின் கீறலில் வருஷக்கணக்காக ஒட்டிக்கொண்டிருந்த என் படிகங்கள்தான் உனக்கு விதையாக நின்றிருக்கின்றன. விதை இல்லை என்று நீ கட்டுரையில் எழுதியது பொய் என்று ஆகிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனி. விதை போட்டால் அமீன் தேவையில்லை என்பது நிஜம். உன் கண்டுபிடிப்பில் பாதி நிற்கிறது, அந்தப் பாதியும் சின்ன விஷயம் இல்லை. அதை நீயே எழுதியிருந்தால் நான் இன்னொரு தடவை வஞ்சிரம் வாங்கியிருப்பேன்.

இதைத்தான் போன வாரம் போனில் உன்னிடம் சொன்னேன். சத்தம் போடாமல், டென்ஷன் ஆகாமல் சொன்னேன். நீ மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடத் தேவலை, தெரியாமல் செய்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

"இப்ப சொன்னா எல்லாம் போச்சும்மா. என் கட்டுரைய நம்பித்தான் பிளான்ட் போடறாங்க. அந்தக் கிண்ணத்துல கொஞ்சம் பொடி எடுத்துட்டேன்னா போதும், அதுலேர்ந்து இங்கயே பெருக்கிப்பேன். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"அந்தப் பொண்ணு?"

"அவ வேற டாபிக் எடுத்துக்கட்டும்மா. சின்னப் பொண்ணுதான."

வேற டாபிக். கடையில் கத்தரிக்காய் சொத்தை என்றால் வெண்டைக்காய் எடுத்துக்கொள்வது மாதிரி சொல்லிவிட்டாய். திங்கட்கிழமை அவளுடைய ஆய்வுக்குழு கூடுகிறது. அவள் பதிவை ரத்து செய்யலாமா என்பதுதான் பேச்சு. காரணமாக எழுதப் போவது 'கைத்திறன் போதாது' என்று. அந்த வார்த்தை ஒருதரம் ஏறிவிட்டால் இந்த ஊரில் எந்த லேபும் அவளைச் சேர்க்காது. அவள் பாகூர் பஸ்ஸில் திரும்பிப் போவாள். தன் கை உதவாத கை என்று நம்பிக்கொண்டு காலம் பூராவும் இருப்பாள். நீ அங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு அம்மா சேலை நாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாய்.

உன் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். அவர் உனக்காக என்னிடம் மன்றாடிப் பார்த்தார். "ஒரு டம்ளருக்கு இன்னாத்துக்கு இவ்ளோ ரகள? ஜனவரியில கல்யாணத்த வெச்சிட்டு நம்மளே அவன் வேலைக்கு உலை வெக்கணுமா? குடுத்து விடு, அந்தப் பொண்ணுக்கு வேற எதனா உதவி பண்ணுவோம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்த மனுஷன் வேறு என்ன சொல்வார். எனக்கும் ஒரு சாயங்காலம் அந்த ஆசை வந்தது. கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே, கொடுத்துவிட்டால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்று உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பெற்றவள் நினைக்கத்தான் செய்வாள்.

உனக்கு அறிவுரை சொல்லும் வயசெல்லாம் தாண்டிப் போய்விட்டது. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மாக்கள் எழுதுவார்களே, பெண்டாட்டியை நல்லபடி வைத்துக்கொள், கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவராதே என்று, அந்த மாதிரி ஏதாவது எழுதலாம் என்று பார்க்கிறேன். வருவது இதுதான்: அவளிடமாவது இந்தக் கிண்ணத்து விஷயத்தைச் சொல். கல்யாணத்துக்கு முன்னால் சொல். நீ யார் என்று தெரிந்துகொண்டு அவள் உன்னைக் கட்டிக்கொள்ளட்டும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு வந்து, முடிந்தது என்று இருந்துவிடாதே. சாமியாருக்கு ஜியோலைட் தெரியாது, அவர் சுலபமாக மன்னித்துவிடுவார்.

திங்கட்கிழமை நான் அந்தக் குழுவின் முன்னால் போய் உட்காரப் போகிறேன். மூன்று எக்ஸ்ரே படத்தையும் மேஜையில் வைத்து, இந்தப் பெண்ணின் கையில் ஒரு குறையும் இல்லை, குறை என் மகன் கட்டுரையில் இருக்கிறது என்று சொல்வேன். என் பழைய மாணவர்கள்தான் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டு எழுந்து வருவது எப்படி என்று இப்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் நீயே கம்பெனியிலும் பத்திரிகைக்கும் எழுதிவிட்டால், என் மகன் தப்பைத் தானே திருத்திக்கொண்டான் என்று சொல்லலாம். வெள்ளி, சனி, ஞாயிறு உனக்கு இருக்கிறது. எழுதுவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நான் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று நீ காட்டினால் உன் காலில் விழவும் தயார்.

உனக்கு விதைப்பொடி வேண்டும் என்று தெரியும். அது ஒரு பாட்டிலில் லேபில் இருக்கிறது, அது இப்போது வளர்மதியின் பொறுப்பு. அவளுக்கு மெயில் போட்டுக் கேள். என்ன, எதற்கு என்று எழுதி, அவள் பெயரைச் சொல்லிக் கேள். கேட்டால் கொடுத்துவிடுவாள், அவளுக்கு அந்த அளவுக்குக் கல் மனசு இல்லை.

கிண்ணம் பார்சலில் இருக்கிறது. கருவாட்டுக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் நடுவில், நீ சொன்ன மாதிரியே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அம்மா வேறு எதையோ மாற்றி வைத்துவிட்டாள் என்று சந்தேகப்படாதே, அடியில் சிலுவை இருக்கும். காஸ்டிக் ஊற்றி, ஓவனில் காய்ச்சி, ஒவ்வொரு கீறலாகத் தேய்த்துக் கழுவியாகிவிட்டது. நான்தான் கழுவ வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனேன். சின்க் வரைக்கும் போய் நின்றேன், எனக்குக் கை வரவில்லை. வளர்மதி வாங்கிக் கழுவினாள். அவள் கழுவினால் சுத்தமாக இருக்கும்.

அம்மா